கடாரத்து யானைகள்

கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த பையனின் போன் அடித்தது. சினிமாப் பாட்டு இல்லை, சாமி பாட்டும் இல்லை. கணகணவென்று ஒரு மணி. பள்ளிக்கூட மணி என்று நினைத்தோ என்னவோ ஒரு பெரியம்மா திரும்பிப் பார்த்தார். எனக்கு அது ஊர்மணி. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகத்தில் அந்த மணி அடித்துவிட்டால் வயலில் நிற்கிறவன், மரம் வெட்டுகிறவன், பொன் தோண்டுகிறவன் எல்லோரும் போட்டது போட்டபடி நகர மையத்துக்குள் ஓடிப் புகுந்துகொள்வார்கள்.

“தம்பி, ஏ.ஓ.ஈ. ஆடுவீங்களா?” என்று கேட்டேன்.

“எங்க அண்ணன் ஆடுவாங்க சார். அவங்க வச்சுக் குடுத்தது” என்றான். அதற்குள் வண்டி வந்துவிட்டது. ஜன்னலோர இடம் கிடைத்தது. கயத்தாறு தாண்டும்வரை அந்த மணி காதைவிட்டுப் போகவில்லை.

அதை முதன்முதலில் கேட்டது பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் மாடியில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில். செருப்பைப் படியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு ஏற வேண்டும். உள்ளே ஏ.சி. குளிர், பிளைவுட் தடுப்புகள், விளக்கு வைக்கிற நேரத்தில் அண்ணாச்சி போடும் சாம்பிராணி. ஏ.சி. அறையில் சாம்பிராணிப் புகை எங்கே போகும்? மானிட்டர் வெளிச்சத்தில் அப்படியே மிதந்துகொண்டிருக்கும். மணிக்கு 20 ரூபாய். முன்வரிசையில் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் மெயில் அனுப்புகிறவர்களும், பயோடேட்டா அடிக்கிறவர்களும் இருப்பார்கள். ப்ளஸ் டூ ரிசல்ட் வருகிற நாளில் கூட்டம் படியிறங்கித் தெருவரைக்கும் நிற்கும். கடைசியில் இருந்த இரண்டு மெஷின்களில்தான் விளையாட்டு. அதில் ஒன்றின் முன்னால் நானும் என் சித்தி மகனும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்திருப்போம். ஒருவன் ஆடுவான், ஒருவன் பார்ப்பான். ஒரு மணி நேரக் காசில் இரண்டு பேர் என்பதை அண்ணாச்சி கண்டும் காணாததுமாக விட்டுவிடுவார்.

அந்த விளையாட்டைச் செய்தவர்கள் அமெரிக்காவில் டாலஸ் பக்கத்து என்செம்பிள் ஸ்டூடியோஸ். 1999-ல் ‘தி ஏஜ் ஆஃப் கிங்ஸ்’ வந்தது, அடுத்த வருஷம் அதன் நீட்சியாக ‘தி கான்கரர்ஸ்’. எங்கள் ஊருக்கு அது வந்து சேர இன்னும் கொஞ்ச காலம் ஆனது. முகப்புத் திரையில் ‘மேப் எடிட்டர்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். சென்டருக்கு வந்த யாரும் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. வந்ததும் சண்டை, காசு தீர்ந்ததும் வீடு. ஒருநாள் சித்தி மகன் டியூஷனிலிருந்து வரத் தாமதமானது. அவன் இல்லாமல் சண்டையை ஆரம்பிக்க மனமில்லாமல் அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

உள்ளே ஆளில்லாத புல்வெளி. அதில் கடலை வரையலாம், மலையை உயர்த்தலாம், பனைமரம் நடலாம், ஊரை வைக்கலாம். அதுவே ஒரு மாதத்துக்குப் போதுமான வேடிக்கை. ஆனால் கடைசித் தாவலில் ‘ட்ரிக்கர்ஸ்’ என்று இருந்தது. அது என்னவென்று பிடிபட்ட அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ட்ரிக்கருக்கு இரண்டு பகுதி. ஒன்று கண்டிஷன், மற்றது எஃபெக்ட். இன்ன வீரன் இந்த இடத்துக்கு வந்தால், இந்தக் கோட்டை இடிந்தால், இவ்வளவு பொன் சேர்ந்தால், இத்தனை நொடி கழிந்தால் என்பதெல்லாம் கண்டிஷன். படையை உண்டாக்கு, வாசலைத் திற, நேற்றுவரை நண்பனாக இருந்தவனைப் பகைவனாக்கு, திரையில் ஒரு வரி காட்டு, ஓசை எழுப்பு என்பதெல்லாம் எஃபெக்ட். எல்லாவற்றையும்விட முக்கியமான ஓர் எஃபெக்ட் உண்டு: இன்னொரு ட்ரிக்கரை எழுப்பு. ஒரு நிகழ்ச்சியைத் தூங்கவைத்துவிட்டு, வேறொன்று நடந்த பிறகு அதை எழுப்பலாம். அது எழுந்து மூன்றாவதை எழுப்பும். அதுவரை நான் ஆடி முடித்திருந்த ஜோன் ஆஃப் ஆர்க் கதை, சலாதீன் கதை, செங்கிஸ்கான் கதை எல்லாமே இந்தச் சாமான்களை வைத்துக் கட்டியவைதான். அதே சாமான்களை அவர்கள் பெட்டியோடு நம் கையிலும் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாராளத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நன்றி பொங்குகிறது.

எதைக் கட்டுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டுத் தாத்தா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றை மடியில் வைத்துக்கொண்டு யார் கிடைத்தாலும் ராஜேந்திரன் கதை சொல்வார். 1025-ஐ ஒட்டி அவன் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தின் மேல் போனது, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கனைப் பிடித்தது எல்லாம் அவர் வாயால் கேட்டு எனக்கு மனப்பாடம்.

“கப்பல் எத்தன போச்சு தாத்தா?”

“கல்வெட்டு அதச் சொல்லலடே.”

“யானைய ஏத்திக்கிட்டுப் போனாங்களா?”

“போனது தெரியாது. அங்கன யானைய பிடிச்சது தெரியும். ராசாவ யானையோட சேத்துல்லா பிடிச்சிருக்கான்.”

அது போதும் எனக்கு. ‘கான்கரர்ஸ்’ விளையாட்டில் மொத்தம் 18 நாகரிகங்கள். இந்தியர் என்று ஒன்று கிடையாது. யானை என்றால் பாரசீகருக்கு மட்டும் போர் யானை. ஆனால் எடிட்டரில் யாருக்கு வேண்டுமானாலும் எதையும் வைக்கலாம். கடாரத்து மன்னனுக்கு யானைக்கொட்டில் ஒன்று கட்டி உள்ளே யானைகளை நிறுத்தினேன். கோட்டை வாசலை வென்றதும் ‘சேஞ்ச் ஓனர்ஷிப்’ என்ற எஃபெக்ட் ஓடும். யானைகள் அத்தனையும் ஒரு கணத்தில் நிறம் மாறிச் சோழன் பக்கம் வந்துவிடும். அவற்றைக் கப்பலேற்றி நாகப்பட்டினம் கொண்டு சேர்த்தால் வெற்றி.

வரைபடத்துக்குத் தாத்தாவே வழிகாட்டி. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் பதின்மூன்று ஊர்ப்பெயர்கள் வரும். வெறும் பெயர்கள் அல்ல, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம். பண்ணை என்பது நீர்த்துறை உள்ள ஊர். மலையூருக்கு மலைமேல் அரண். மாயிருடிங்கத்துக்கு ஆழ்கடலே அகழி. மாநக்கவாரம் என்கிற நிக்கோபாருக்குத் தேன் நிறைந்த சோலைகள். அவர் சொல்லச் சொல்ல நான் ரஃப் நோட்டில் பென்சிலால் வரைவேன். ராத்திரி அந்த நோட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வேன். மறுநாள் சென்டரில் மலையூருக்கு மேடு எழுப்பி மதில் வைத்தேன், மாயிருடிங்கத்தைச் சுற்றி நாலு பக்கமும் கடலை ஆழமாக்கினேன். தேனுக்கு அந்த விளையாட்டில் வழியில்லை. நிக்கோபாரில் பழப்புதர்களாக நட்டுத் தள்ளினேன். விச்சாதிரத் தோரணம் என்று ஒரு போர்வாசலைக் கல்வெட்டு சொல்கிறது. சாதாரணக் கல்வாசல் ஒன்றை வைத்து அதன் பெயரை மாற்றினேன். ‘கான்கரர்ஸ்’ வந்த பிறகு பெயர் மாற்றவும் ஓர் எஃபெக்ட் சேர்ந்திருந்தது. தமிழ் எழுத்து அதில் வராது. ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடித்தேன். ஆனாலும் திரையில் அந்தப் பெயரைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

எண்ணிக்கைதான் பெரும்பாடு. மூன்று துறைமுகங்களைப் பிடித்த பிறகே கடாரத்து அரசன் வெளியே வர வேண்டும் என்பது என் ஏற்பாடு. எதை முதலில் பிடிப்பது என்பது ஆடுகிறவன் இஷ்டம். எத்தனை பிடித்தான் என்று நினைவு வைத்துக்கொள்ள அந்த எடிட்டரில் இடமே கிடையாது. அதனால் வரைபடத்தின் ஒரு மூலையில், யாரும் போகாத குட்டித் தீவில் வேலி போட்டுப் பட்டி ஒன்று கட்டினேன். ஒவ்வொரு துறைமுகம் விழும்போதும் பட்டியில் ஓர் ஆடு பிறக்கும். மூன்று ஆடு சேர்ந்ததா என்று ஒரு ட்ரிக்கர் பார்த்துக்கொண்டே இருக்கும். சேர்ந்ததும் அரசன் புறப்படுவான். சோழர் கடற்படையின் வெற்றிக் கணக்கு, இருட்டில் மேயும் ஆடுகளிடம் இருந்தது.

சித்தி மகன் அந்தத் தீவைக் கண்டுபிடித்தான். ஒரு படகை விட்டுக் கரையோரமாகவே வரைபடம் முழுவதையும் சுற்றுவது அவன் வழக்கம். உரிமையாளர் இல்லாத ஆட்டை முதலில் பார்க்கிறவனுக்கு அது சொந்தமாகிவிடும், விளையாட்டின் சட்டம் அப்படி. படகு பக்கத்தில் வந்ததும் இரண்டு ஆடுகளும் அவன் நிறத்துக்கு மாறின. “அண்ணே, இங்க யாரோ ஆடு வளக்காங்க!” என்று அவன் கத்தியதில் முன்வரிசை துபாய்க்காரர் மனைவி எட்டிப் பார்த்தார். கணக்கு போயிற்று. ஆடுகளுக்குப் பதில் கொடிக்கம்பங்கள் நட ஆரம்பித்தது அதன் பிறகுதான். கொடியை யாரும் ஓட்டிக்கொண்டு போக முடியாதல்லவா.

நேரத்துக்கும் தனிக் கணக்கு. டைமரில் 60 என்று போட்டால் கைக்கடிகாரத்தில் நாற்பதே நொடியில் முடிந்துவிடும், ஏனென்றால் ‘நார்மல்’ வேகத்தில் விளையாட்டின் நொடி நம் நொடியைவிட ஒன்றரை மடங்கு விரைவு. சித்தி மகன் தன் டிஜிட்டல் வாட்ச்சைக் கழற்றி மானிட்டர் மேல் வைத்து அதைக் கண்டுபிடித்தான். புயலுக்கு எவ்வளவு, யானை கப்பலேற எவ்வளவு என்று எல்லாவற்றையும் அதற்குப் பிறகு அவன்தான் பெருக்கிச் சொல்வான். வாட்ச்சின் பட்டன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

குரல் கொடுத்ததும் அவன்தான். ஓசை எழுப்பும் எஃபெக்டுக்கு நம்முடைய சொந்த ஒலிக்கோப்பையும் கொடுக்கலாம். வெளிநாட்டுக்குப் பேசுவதற்காக அண்ணாச்சி வைத்திருந்த ஹெட்செட்டை இரவல் கேட்டோம். “வயர இழுக்காம பேசணும் தம்பி” என்று சொல்லிக் கொடுத்தார். விண்டோஸில் இருந்த சவுண்ட் ரெக்கார்டர் ஒரு நிமிஷம்தான் பதியும். சிவப்புப் பொத்தானை நான் அழுத்த, அவன் தொண்டையைச் செருமி, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “கரை தெரியுது! இறங்குங்கலே!” என்று கத்தினான். அந்த நேரம் பார்த்துக் கீழே ஐஸ் வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு போனார். மறுபடி பதியலாம் என்றேன். அவன் வேண்டாம் என்றுவிட்டான். சோழர் கப்பல் கரை தொட்டபோதெல்லாம் பாளையங்கோட்டை ஐஸ் மணியும் சேர்ந்து ஒலித்தது. ஒலிக்கோப்பு வரைபடத்தோடு சேர்ந்து பயணிக்காது, தனியாக நகலெடுத்து உரிய இடத்தில் வைக்க வேண்டும். வரைபடத்துக்கு ஒரு ஃப்ளாப்பி, குரலுக்கு ஒரு ஃப்ளாப்பி என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தோம்.

அவன் முதன்முறை முழுசாக ஆடிய சாயங்காலத்தைச் சொல்லியாக வேண்டும். கடாரத்தின் மேற்கே பனைகள் வரிசையாக நிற்கும் ஒரு மணற்கரையை அவனுக்காகவே செய்து வைத்திருந்தேன். கப்பல் அங்கே வரும், அவன் குரலே ஒலிக்கும், மரங்களுக்குப் பின்னாலிருந்து எதிரிகள் பாய்வார்கள், திரையில் அரசனின் சவால் ஓடும். நான் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் அந்தக் கரைக்கு எதிரே வந்தான். நின்றான். பிறகு கப்பலைத் திருப்பி வடக்கே போய், நான் சும்மா நிரப்புவதற்காகப் போட்டிருந்த காட்டோரத்தில் படையை இறக்கினான். மரங்களுக்குப் பின்னால் எதிரிகள் அசையாமல் நின்றார்கள். அரசன் தன் இடத்தில் நின்றான். யானைகளும்தான். அவன் படை ஊரின் பின்பக்கமாக நடந்து போய்க்கொண்டே இருந்தது.

“என்னண்ணே, ஊரு பூரா தூங்குது?”

“ஏன்ல அங்க இறங்குன?”

“அந்தப் பக்கம் எவனாவது நிப்பான்லா. அதான்.”

சண்டையில் தேறியவன் அப்படித்தான் யோசிப்பான். தோல்பாவைக் கூத்தில் பாவை திரையைவிட்டு இறங்கி வேறு தெருவுக்குப் போவதில்லை. இங்கே போகும். கதையை எழுதுகிறவன் நான், நடத்துகிறவன் அவன். அவன் எங்கே இறங்குவான் என்பது என் கையில் இல்லை என்று தெரிந்த அந்த நொடியில்தான் இந்த வேலை எனக்கு உயிரானது. அதற்கு முன் செய்ததெல்லாம் படம் வரைந்தது மட்டும்.

ஒரு ட்ரிக்கரில் எத்தனை கண்டிஷன் போட்டாலும் எல்லாம் சேர்ந்து நிறைவேறினால்தான் அது ஓடும். ‘இந்தக் கரை, அல்லது அந்தக் கரை’ என்று சொல்ல அன்றைக்கு வழியில்லை. ஆகவே மேற்குக் கரைக்கு ஒன்று, வடகரைக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதி, எது முதலில் எழுந்தாலும் அது மற்றதை அணைத்துவிடும்படி செய்தேன். இல்லாவிட்டால் ஒரே சவாலை அரசன் இரண்டு தடவை விடுவான். பிறகு தெற்குக்கும் எழுதினேன். கரைக்கே வராமல் கப்பலிலிருந்தே அடித்தால்? அதற்கும் ஒன்று. காட்டோரத்துக்கு ஒரு கதை தேவைப்பட்டதால், அங்கே விறகு வெட்டும் கிழவர் ஒருவரை வைத்தேன். சோழர் படையைக் கண்டதும் அவர் ஊருக்குள் ஓடிச் செய்தி சொல்வார். வழியில் அவரைப் பிடித்துவிட்டால் செய்தி போகாது. பிறகு ஆடியவர்கள் எல்லாரும் அந்தக் கிழவரைப் பற்றித்தான் கேட்டார்கள், மேற்குக் கரையைப் பற்றி யாரும் பேசவில்லை. சித்தி மகனின் பிடிவாதத்திலிருந்து பிறந்த ஆள் அவர்.

உலகத்தில் வேறு மூலைகளிலும் இதே காலத்தில் இதே வேலை நடந்துகொண்டிருந்தது. 1998-ல் வந்த ‘ஸ்டார்கிராஃப்ட்’ எடிட்டரில் யாரோ ஒருவர் ‘ஏயான் ஆஃப் ஸ்ட்ரைஃப்’ என்று ஒரு வரைபடம் கட்டினார். அந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டு ‘வார்கிராஃப்ட் 3’ எடிட்டரில் யூல் என்ற புனைபெயர்க்காரர் ‘டோட்டா’வை ஆரம்பித்தார். இன்றைக்குப் பெரிய அரங்குகளில் லட்சக்கணக்கான டாலர் பரிசுக்கு ஆடும் ஒரு விளையாட்டு வகையே, சம்பளமில்லாமல் ட்ரிக்கர் எழுதிக்கொண்டிருந்தவர்களின் கையிலிருந்து வந்தது. அவர்கள் பெரும்பாலும் ஊர் பேர் தெரியாதவர்களாகவே போய்விட்டார்கள். அவர்களுக்கு இன்னும் மரியாதை செய்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பிரவுசிங் சென்டர்கள் போய்விட்டன. அந்த மாடியில் இப்போது பிசியோதெரபி நடக்கிறது. ஒருவன் ஆட இன்னொருவன் தோளில் சாய்ந்து பார்ப்பதும் போய்விட்டது. இப்போது ஆளுக்கொரு திரை. தாத்தாவும் இல்லை. என்செம்பிள் ஸ்டூடியோஸ் 2009-ல் மூடப்பட்டது. விளையாட்டு மட்டும் சாகவில்லை. 2019-ல் புதுக்கோலத்தில் வந்தது, 2022-ல் அதில் திராவிடர் என்றே ஒரு நாகரிகம் சேர்ந்தது. உருமி சுழற்றும் வீரர்கள், திரிசடை என்ற போர்க்கப்பல் எல்லாம் இருந்தன, ராஜேந்திரனின் வாழ்க்கையையே ஒரு தொடர்கதையாக வைத்திருந்தார்கள். அதை வாங்கிய ராத்திரி தோஹாவிலிருந்து சித்தி மகன் கூப்பிட்டான். அவனும் வாங்கியிருந்தான். அவன் கேட்ட முதல் கேள்வி, “அண்ணே, எந்தக் கரையில இறக்குதாங்க?”

புதிய எடிட்டரில் எண்ணிக்கையை நினைவில் வைக்க இடமிருக்கிறது, பட்டியும் கொடிக்கம்பமும் தேவையில்லை. ‘அல்லது’ என்று சொல்லவும் வழி வந்துவிட்டது. கடாரத்தை மறுபடி முதலிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை ஆடிப் பார்ப்பது அவன் மகன். விடுமுறைக்கு வந்திருந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தான். கப்பல்களை நிக்கோபார்வரை கொண்டுவந்தான். அங்கேயே நிறுத்திவிட்டான். துறைமுகம் கட்டினான், மீன்பிடிப் படகு விட்டான், பழம் பறித்தான். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

“கடாரத்துக்குப் போகலையாப்பா?”

“இங்க மீன் நிறைய இருக்கு பெரியப்பா.”

அவன் அப்பா மேற்குக் கரையைத் தாண்டிப் போனான். இவன் கடாரத்தையே தாண்டி நிற்கிறான். மாநக்கவாரத்தில் தங்கிவிடுகிறவனுக்கு என்ன நடக்க வேண்டும் என்று யோசித்தபோது தாத்தா சொன்ன இன்னொன்று நினைவுக்கு வந்தது. சுமத்ராவின் மேற்குக் கரையில், பாரூஸ் பக்கம் லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வைத்தது. படை போன கடலில் வியாபாரிகளும் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்திருக்கிறார்கள். அதை வைத்து இப்போது ஒரு ட்ரிக்கர் எழுதியிருக்கிறேன். ஐந்து மீன்பிடிப் படகு சேர்ந்தால், வடமேற்கிலிருந்து ஒரு வணிகக் கப்பல் வந்து துறையில் நிற்கும். அதிலிருந்து இறங்குகிறவர் இவனிடம் முதலில் என்ன கேட்பார் என்பதை இந்த வாரத்துக்குள் எழுத வேண்டும்.